பத்தி பிரிப்போம், பொருளைப் பிரிக்க வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடந்த இணைய விற்பனைப் பயிற்சியில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நம்ம கூட்டமைப்பின் இணையப் பக்கத்தை இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொண்டு வருகிறேன். அதில் பொருள்களை அடுக்குவது எப்படி என்று சொல்லச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. அதனால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டேன். பத்தி பிரிப்பது. அதாவது படமும் எழுத்தும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வருகிற மாதிரி பக்கத்தை அமைப்பது. இதென்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். இதனால் நம்ம குழு ஒன்றின் கையை விட்டு 1600 ரூபாய் போனது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நமக்குப் புதுசு இல்லை

கோடு போட்டுப் பிரிக்கிற வேலையில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய குழு முறை இன்றைக்கு மாநிலம் முழுக்க நிற்கிறது என்றால், அதற்குப் பெரிய காரணம் நம்ம நோட்டுகள்தான். சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம். தேதி ஒரு காலம், பெயர் ஒரு காலம், வரவு, செலவு, இருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம். கையெழுத்து மட்டும் தெரிந்து வந்தவர்கள்கூட, எந்தக் காலத்தில் எதை எழுத வேண்டும் என்று ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டோம்.

கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். இந்தப் பக்கம் மணமகள் வீட்டார், அந்தப் பக்கம் மணமகன் வீட்டார். செய்தித்தாளில் இரண்டு பத்திச் செய்தி, மூன்று பத்திச் செய்தி என்கிறோம். நோட்டில் காலம், பேப்பரில் பத்தி. கணினியில் அதற்குப் பெயர் 'காலம்ஸ்'. நான் இன்றைக்குப் பத்தி என்றே சொல்கிறேன்.

எடிட்டரில் செய்வது எப்படி

நம்ம பக்கம் இருப்பது வேர்ட்பிரஸ்ஸில். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து அதில் 'பிளாக்' முறை இருக்கிறது. ஒரு படம் ஒரு பிளாக். ஒரு பாரா ஒரு பிளாக். ஒரு தலைப்பு ஒரு பிளாக். செங்கல் அடுக்குகிற மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கலாம். வேண்டாம் என்றால் பிடித்து இழுத்து வேறு இடத்தில் விடலாம். கோடிங் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பத்திக்கும் ஒரு பிளாக் இருக்கிறது. மேலே இடது மூலையில் + குறி இருக்கும், அதைத் தொடுங்க. தேடும் இடத்தில் 'காலம்ஸ்' என்று அடியுங்க. எப்படிப் பிரிக்கணும் என்று அதுவே கேட்கும். 50க்கு 50 என்றால் சரிபாதி. 33, 66 என்றால் இந்தப் பக்கம் ஒரு பங்கு, அந்தப் பக்கம் இரண்டு பங்கு. மூன்று 33 என்றால் சமமாக மூன்று. 25, 50, 25 என்றும் உண்டு. ஒன்றைத் தொட்டால் காலிப் பெட்டிகள் வந்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்ன + இருக்கும். அதைத் தொட்டு முதலில் படம், அதன் கீழே பெயர், அதன் கீழே எடை, விலை என்று வைத்துக்கொண்டே போகலாம்.

புதிதாகச் செய்பவர்களுக்கு ஒரு சங்கடம் வரும். பெட்டிக்குள் பெட்டி இருப்பதால், படத்தைத் தொட நினைத்துப் பத்தியைத் தொட்டுவிடுவோம். ஒன்றை அழிக்கப் போய் எல்லாம் அழிந்துவிடும். பயப்பட வேண்டாம். மேலே வளைந்த அம்புக்குறி இருக்கிறது, அதைத் தொட்டால் போனது திரும்ப வரும். அதோடு 'லிஸ்ட் வியூ' என்று ஒன்று இருக்கிறது. மேலே மூன்று கோடு படிக்கட்டு மாதிரி இருக்குமே, அதுதான். அதைத் திறந்தால் எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். அங்கே பெயரைத் தொட்டால் சரியான பெட்டி பிடிபடும். எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் லிஸ்ட் வியூவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்க.

போனில் என்ன ஆகிறது

இதுவரை சொன்னது கை வேலை, இரண்டு நாள் செய்தால் பழகிவிடும். இனிமேல் சொல்வதுதான் யோசிக்க வேண்டியது.

நம்ம பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? வாட்ஸ்அப்பில் நாம் அனுப்புகிற இணைப்பைத் தொட்டு, போனில்தான் பார்க்கிறார்கள். மேசைக் கணினியில் பார்ப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம். போன் திரை உள்ளங்கை அகலம். மூன்று பத்தி அதில் அடங்காது. அதனால் வேர்ட்பிரஸ் ஒரு வேலை செய்கிறது. திரையின் அகலம் சுமார் 780 பிக்சலுக்குக் கீழே போனால், பக்கத்தில் பக்கத்தில் இருந்த பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கிவிடுகிறது. முதலில் இடப்பக்கப் பத்தி, தலையிலிருந்து கால்வரை முழுசாக. அது முடிந்த பிறகுதான் அடுத்த பத்தி. அதன் பிறகு மூன்றாவது.

கல்யாணப் பத்திரிகையை இப்படிப் பிரித்து வைத்தால் என்ன ஆகும்? கணினியில் இரண்டு வீட்டாரும் சமமாக நிற்பார்கள். போனில் யாராவது ஒருவர் மேலே வந்துதான் ஆக வேண்டும். (சிரிப்பு) அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரமாட்டேன். ஆனால் நம்ம விலைப்பட்டியலுக்கு நான் வந்துதான் ஆகணும்.

1600 ரூபாய்க் கதை

நம்ம பக்கத்தை முதன்முதலில் பணம் வாங்கிக்கொண்டு அமைத்துக் கொடுத்தவர் வெளியாள். நல்ல மனிதர், வேலையும் சீக்கிரம் முடித்தார். இரண்டு பத்தி வைத்தார். இடப்பக்கப் பத்தியில் ஆறு பொருள்களின் படம், பெயர். வலப்பக்கப் பத்தியில் ஆறு விலை. அப்பளத்துக்கு நேராக 60, எள்ளுருண்டைக்கு நேராக 140. கணினியில் பார்த்தால் நம்ம பேரேடு மாதிரியே அழகாக இருந்தது. கைதட்டி வாங்கிக்கொண்டோம்.

போனில் என்ன ஆயிற்று? ஆறு படமும் வரிசையாக வந்தது. கடைசிப் படம் எள்ளுருண்டை. அது முடிந்ததும் வலப்பக்கப் பத்தி தொடங்கியது. அதில் முதல் விலை அப்பளத்தின் 60 ரூபாய். அது எள்ளுருண்டைக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. பார்க்கிறவர் என்ன நினைப்பார்? எள்ளுருண்டை பாக்கெட் 60 ரூபாய் என்றுதான் நினைப்பார்.

ஒரு வளைகாப்பு வீட்டிலிருந்து 20 பாக்கெட் கேட்டார்கள். 1200 ரூபாயை அனுப்பியும் விட்டார்கள். பாக்கெட் 140 என்று சொன்னதும், உங்க பக்கத்தில் 60 என்றுதானே இருக்கிறது என்று திரையைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. பக்கத்தை அமைத்தவரைக் கேட்டோம். என் கணினியில் சரியாத்தான் இருக்கு, பாருங்க என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டது எள்ளுருண்டை பிடித்த 12 பேர் கொண்ட குழு. சொன்ன வாக்குக்காக 60 ரூபாய்க்கே கொடுத்தார்கள். பாக்கெட்டுக்கு 80 வீதம் 1600 ரூபாய் கை நஷ்டம். வெல்லம் வாங்கிய கடன் அப்போது இன்னும் அடையவில்லை. அன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் எழுதின வரி இன்னும் இருக்கிறது. இனிமேல் பக்கத்தை நம்மில் ஒருவர் போனில் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே வெளியிட வேண்டும் என்று.

பேரேடு குறுக்கே, பத்தி நெடுக்கே

இதிலிருந்து ஒரு விதி எடுத்துக்கொள்ளுங்க. இன்றைக்கு மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீங்க. பேரேட்டை நாம் குறுக்கே படிக்கிறோம். பெயரைப் பார்த்து, அப்படியே வலது பக்கம் போய்த் தொகையைப் பார்க்கிறோம். எடிட்டரில் இருக்கும் பத்தி அப்படி இல்லை. அது மேலிருந்து கீழே படிப்பது. ஒவ்வொரு பத்தியும் தனிப் பெட்டி. ஒரு பெட்டியில் இருப்பதற்கும் பக்கத்துப் பெட்டியில் இருப்பதற்கும் உறவு உண்டு என்று கணினிக்குத் தெரியாது.

அதனால் ஒரு பொருளுக்கு உரிய எல்லாம் ஒரே பத்திக்குள் இருக்க வேண்டும். எள்ளுருண்டைப் படம், பெயர், எடை, விலை, ஆர்டர் செய்யும் பொத்தான், ஐந்தும் ஒரே பெட்டி. அடுத்த பெட்டி முறுக்கு. அதற்கு அடுத்தது அப்பளம். போனில் பெட்டி கீழே இறங்கினாலும் விலை தன் பொருளை விட்டுப் போகாது. கண் தெரியாதவர்கள் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்துக் கேட்கிறார்கள். அந்த மென்பொருளும் இதே வரிசையில்தான், பெட்டி பெட்டியாக வாசிக்கும். அவர்களுக்கும் சரியான விலை காதில் விழும்.

ஆறு பொருள் இருந்தால் மூன்று பத்தி உள்ள வரிசை ஒன்றைச் செய்து முடியுங்க. பிறகு அந்த வரிசையையே 'டூப்ளிகேட்' கொடுத்து நகல் எடுத்து, கீழே உள்ளதில் படத்தையும் எழுத்தையும் மாற்றுங்க. நகல் எடுத்தால் பழைய விலை அப்படியே நிற்கும், அதை மாற்றினோமா என்று கட்டாயம் பார்க்கணும்.

இல்லை, எனக்குக் குறுக்கே படிக்கிற மாதிரிதான் வேண்டும் என்றால் அதற்கு 'டேபிள்' என்று தனி பிளாக் இருக்கிறது. 100 கிராம், 250 கிராம், 500 கிராம் என்று எடைக்கு ஒரு விலை போடுகிற மசாலாப்பொடிக்கு அதுதான் சரி. அட்டவணை போனில் கலையாது, வரி வரியாகவே நிற்கும். ஆனால் இரண்டு, மூன்று காலத்துக்கு மேல் போனால் திரையை விட்டு வெளியே போய்விடும். அதனால் சின்னதாக வைத்துக்கொள்ளுங்க.

எத்தனை பத்தி?

ஆறு பத்தி வரைக்கும் எளிதாக இழுத்து வைக்கலாம். வைக்கலாம் என்பதற்காக வைக்கக் கூடாது. ஆங்கிலச் சொல் சின்னது, தமிழ்ச் சொல் நீளம். 'பாக்குமட்டைத்தட்டு' என்று சேர்த்து எழுதிவிட்டு அதை நாலாவது பத்திக்குள் திணித்தால் பாதியில் உடைந்து அடுத்த வரிக்கு ஓடும், இல்லையென்றால் பெட்டியை விட்டு வெளியே நீட்டும். பொருள் பட்டியலுக்கு மூன்று போதும். பொருளைப் பற்றி விளக்கி எழுதுகிற இடத்தில் இரண்டு போதும். நம்ம கூட்டமைப்பின் வரலாறு மாதிரி நீளமாகப் படிக்க வேண்டியதற்குப் பத்தியே வேண்டாம், நேராக எழுதுங்க.

பத்தியின் அமைப்பில் 'ஸ்டாக் ஆன் மொபைல்' என்று ஒரு விசை இருக்கும். போனில் கீழே இறக்குகிற வேலையைச் செய்வது அதுதான். அதை அணைத்துவிட்டால் போனிலும் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு விரல் கனம்தான் இருக்கும், எழுத்து படிக்க முடியாது. அந்த விசையில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று. பார்க்க அழகாக இருக்கும் என்று ஒரு வரியில் படம் இடப்பக்கம், அடுத்த வரியில் படம் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். போனில் அது படம், எழுத்து, எழுத்து, படம் என்று இறங்கும். நடுவில் இரண்டு எழுத்து ஒட்டிக்கொள்ளும், எது எந்தப் படத்துக்கு என்று தெரியாது. அப்படி மாற்றி வைக்க ஆசையாக இருந்தால் 'காலம்ஸ்' எடுக்காதீங்க. 'மீடியா அண்ட் டெக்ஸ்ட்' என்ற பிளாக்கை எடுங்க. அதில் படத்தை எந்தப் பக்கம் வைத்தாலும் போனில் படம் முதலில், எழுத்து அதன் கீழே என்றுதான் வரும்.

படம் எடுப்பவர்களுக்கு

மூன்று பத்தி சமமாக நிற்க வேண்டும் என்றால் மூன்று படமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்றால் ஒரு விலை மேலே, ஒரு விலை கீழே என்று படி ஏறி இறங்கும். எல்லாப் படத்தையும் சதுரமாக வெட்டிவிடுங்க. போன் கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் கனமாக இருக்கும், சிக்னல் குறைவான ஊரில் திறக்காது. அளவைக் குறைத்து ஏற்றுங்க.

பேரையும் விலையையும் படத்துக்குள்ளேயே எழுதி, நோட்டீஸ் மாதிரி ஒட்டாதீங்க. பெரிய திரையில் தெரியும் எழுத்து போனில் எறும்பு மாதிரி ஆகிவிடும். நாளைக்கு எண்ணெய் விலை ஏறினால் ஒரு எண்ணை மாற்றப் படத்தையே திரும்பச் செய்யணும். விலை எழுத்தாக இருந்தால் அரை நிமிட வேலை. பாக்கெட்டில் அச்சிடுகிற 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணையும் பக்கத்தில் எழுத்தாகவே போடுங்க. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு நம்பிக்கை.

வெளியிடும் முன்

'பிரிவியூ' என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் கணினி, டேப்லெட், மொபைல் மூன்றிலும் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். அதோடு விட்டுவிடாதீங்க. பக்கத்தை முன்பின் பார்க்காத ஒரு அக்கா கையில் அவர்களுடைய போனையே கொடுத்து, எள்ளுருண்டை என்ன விலை என்று கேளுங்க. அவர்கள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து 140 என்று சொன்னால் வெளியிடலாம். தடுமாறினால் அவர்கள் மேல் குறை இல்லை, பக்கத்தில்தான் குறை. நம்ம மாதாந்திரக் கூட்டத்தில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

சாவி யார் கையில்

கடைசியாக ஒன்று. பீரோ சாவியை வெளியாள் கையில் கொடுப்போமா? இணையப் பக்கத்துக்கும் சாவி உண்டு. பக்கத்தின் முகவரி கூட்டமைப்பின் பெயரில் பதிவாகி இருக்க வேண்டும். அதன் கடவுச்சொல் கூட்டமைப்பின் பொறுப்பில் இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நுழைவு கொடுக்கலாம். முழு அதிகாரம் உள்ளவர் நிர்வாகி, பக்கத்தை மட்டும் திருத்துபவர் எடிட்டர். நிர்வாகி இரண்டு பேர் போதும். விலை மாற்ற வேண்டியவர்களுக்கு எடிட்டர் பொறுப்பு போதும். நிர்வாகிகள் மாறும்போது நோட்டு, ரசீதுப் புத்தகம், காசோலைப் புத்தகம் ஒப்படைக்கிறோமே, அந்தப் பட்டியலில் இதையும் ஒரு வரி சேருங்க.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பிலிருந்தும் இரண்டு பேர் முன்வாங்க. ஒருவர் போனில் நன்றாகப் பழகியவராக இருக்கட்டும். இன்னொருவர் பேரேடு எழுதுகிறவராக இருக்கட்டும். பேரேடு எழுதுகிறவர் கட்டாயம் வேணும். ஏனென்றால் எந்தத் தொகை எந்தப் பெயருக்கு உரியது என்று பார்க்கிற கண் அவர்களிடம்தான் இருக்கிறது. மூன்று மதியம் உட்கார்ந்தால் பத்தி பிரிக்கக் கற்றுவிடலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காகச் செயலாளர் அக்கா நோட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

பொருளைச் செய்கிறவர்கள் நாம். விலை போடுகிறவர்களும் நாமாகத்தான் இருக்க வேண்டும். அந்த விலை வாங்குகிறவர் கண்ணில் சரியான இடத்தில் தெரிகிறதா என்று பார்ப்பதும் நம்ம வேலைதான்.